முன்பக்கமாக ஒரு முறை

மூத்தவளுக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. வில்லையைத் தேய்த்து ஃபிரேமில் உட்கார வைப்பாள். இரண்டு வருடத்துக்கு முன் மாடிப்படியில் உருண்டதில் முதுகெலும்பு நொறுங்கி, இடுப்புக்குக் கீழே உணர்ச்சியே இல்லாமல் போனது. கை போகவில்லை, அதனால் வேலையும் போகவில்லை. சரக்கு வண்டி ஓட்டும் கணவன்தான் தினமும் அவளைச் சக்கர நாற்காலியில் கடைக்குக் கொண்டுபோய் விடுவான். கிளம்பும் முன் பிரேக்கை இழுத்துப் பார்ப்பான். டயரை அமுக்கிப் பார்ப்பான். கால் வைக்கும் பலகையில் பாதங்களை வைத்து, வார் போட்டுக் கட்டுவான்.

"எங்கே ஓடிப் போயிடப் போறேன்னு இந்தக் கட்டு கட்டுறீங்க?" என்பாள்.

"நழுவினா உனக்குத் தெரியாதுடி" என்பான் அவன்.

கடை வாசலில் ஒரு சரிவு. அதில் நாற்காலியைத் திருப்பி, பின்பக்கமாகத்தான் இறக்குவான்.

அந்த வாரம் அவன் வெளியூருக்குச் சரக்கு ஏற்றிப் போயிருந்தான். துணைக்கு அவள் தங்கை வந்தாள். துணிக்கடையில் விற்பனைக்கு நிற்பவள், காலில் வெந்நீர் கொட்டியதுபோல எப்போதும் அவசரம். வியாழக்கிழமை சாயங்காலம் சரிவின் மேல்முனையில் நாற்காலியைத் திருப்பப் போனவளை மூத்தவள் தடுத்தாள்.

"திருப்பாத. ரெண்டு வருஷமா கடை ஷட்டரையே பாத்துக்கிட்டு இறங்குறேன். இன்னைக்காவது தெருவைப் பாத்துக்கிட்டுப் போறேன்."

"மாமாவுக்குத் தெரிஞ்சா தோலை உரிச்சிடுவாரு."

"நீ சொன்னாத்தானே தெரியும்?"

தங்கை சிரித்துக்கொண்டே தள்ளினாள். வார் கட்ட இருவருக்குமே தோன்றவில்லை. பாதித் தூரத்தில் நாற்காலி கையை மீறி இழுத்தது. இடது பாதம் பலகையிலிருந்து நழுவிச் சிமெண்டில் உரசி, முன் சக்கரத்துக்கு அடியில் மடங்கியது. நாற்காலி சட்டென்று நின்றது. முன்னால் சாய்ந்தவளைத் தங்கை ரவிக்கையோடு சேர்த்துப் பிடித்து இழுத்தாள்.

"அக்கா! அடிபட்டுச்சா?"

"வலிக்கவே இல்ல. பயந்து சாகாத."

சரிவைத் தாண்டிச் சமதரைக்கு வந்ததும் இருவரும் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்கள். மாமாவிடம் மூச்சு விடுவதில்லை என்று முடிவாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை அவன் திரும்பினான். மனைவியைக் குளிக்க வைக்கும்போதுதான் பார்த்தான்: புடவை மறைத்திருந்த இடது கால் முழங்காலுக்குக் கீழே கறுத்து, இரண்டு மடங்கு வீங்கியிருந்தது. தொட்டால் கொதித்தது. கணுக்காலுக்கு மேல் தோல் வெடித்துக் கசிந்தது. இரண்டு நாளாக அவளுக்கு லேசான காய்ச்சல். வேலை அலுப்பு என்று நினைத்திருந்தாள்.

"எலும்பு உடைஞ்சு மூணு நாளாச்சு. சீழ் மேல ஏறிடுச்சு" என்றார் டாக்டர். முழங்காலுக்கு மேலேயே காலை வெட்டி எடுத்தார்கள்.

"தனியா இறங்கிப் பாத்தேன், என் தப்புதான்" என்று அவனிடம் சொல்லியிருந்தாள் மூத்தவள். ஆஸ்பத்திரி வராந்தாவில் தங்கை அவன் எதிரே வந்து நின்றாள்.

"நான்தான் மாமா தள்ளினேன்."

"தெரியும்" என்றான். "அந்தச் சரிவுல அவளால தனியா இறங்க முடியாதுன்னு எனக்குத் தெரியாதா?" அதற்குமேல் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

ஒரு மாதம் கழித்து மூத்தவள் வீடு திரும்பினாள். அவன் பின்சக்கரங்களைக் கழற்றி, இன்னும் பின்னால் தள்ளிப் பூட்டினான். தங்கையைக் கூப்பிட்டான்.

"நாளையிலிருந்து நான் வண்டிக்குப் போகணும். நீதான் பாத்துக்கணும். ஒரு கால் எடுத்ததால முன்பாரம் குறைஞ்சுபோச்சு. சக்கரத்தைப் பின்னால தள்ளியும், லேசா மேடு ஏறினாக்கூட மல்லாக்கச் சாயும். கையை எடுக்காத."

தங்கை பின்னால் போய்ப் பிடித்துக்கொண்டாள். கூடத்துத் தரை சமமாகத்தான் இருந்தது.

"விடுடி, நான் விழமாட்டேன்" என்றாள் மூத்தவள்.

தங்கை விடவில்லை.