ரேடியோவைக் கூட்டி வையுங்கள்

"ரேடியோ சத்தத்தைக் கொஞ்சம் குறைச்சுக்கோங்க." ஒன்பது ஆண்டுகளாகப் பிளாரன்ஸ் நாள்தோறும் இருபது முறையாவது சொல்லும் வாசகம் இது. தொலைபேசியில் பேசும் நேயர் பக்கத்திலேயே வானொலியை அலறவிட்டால், அவளுடைய குரல் அரை நொடி பிந்தி அவள் காதுக்கே திரும்பி வரும், நாக்கு தடுமாறும். தூத்துக்குடியில் உப்பளத்துக்கும் துறைமுகத்துக்கும் புறப்படுகிறவர்கள் காலை ஆறு முதல் எட்டு வரை கேட்பது அவளுடைய 'விடியற்காற்று'. இரண்டு பாட்டு, இடையில் அவள் கண்டதும் நினைத்ததும்; நிகழ்ச்சி அவ்வளவே.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஆறு ஐம்பதுக்கு நேரலையில் பேசிய ஆளிடம் அந்த வாசகத்துக்கு வேலை இருக்கவில்லை. அவனைச் சுற்றி ஒரு சத்தமும் இல்லை.

"யக்கா, நேத்து ஒரு பிள்ளையப் பத்திச் சொன்னீயல்லா. கடல் இரைச்சல்ல உறக்கம் வரல, ராத்திரி மட்டும் இதை மடை போட்டு அடைக்க மாட்டாங்களான்னு கேட்டாள்னு."

"ஆமா தம்பி. நானும் அதைக் கேட்டுச் சிரிச்சிட்டேன்."

"நாங்களுந்தான் சிரிச்சோம். எங்க வீட்டுலயும் ஒருத்தி உண்டு. எங்கய்யா வயலுக்குத் தண்ணி பாய்ச்சுத ஆளு. மடையை அடைச்சிட்டு அவர் வீடு வந்தாத்தான் அவளுக்கு உறக்கம். அந்தப் பிள்ளை எந்தத் தெருக்கா?"

"தெருப் பேரையெல்லாம் காத்துல சொல்லக் கூடாதுல்லா தம்பி."

"சொல்லாண்டாம். உங்க வீட்டு மாடியில இருக்க பிள்ளைன்னு சொன்னீய. எதுத்தாப்பல ஐஸ் உடைக்கிற சத்தத்துலதான் முழிக்கேன்னு தினமும் சொல்லுதீய. ஊருல ஐஸ் கம்பெனி எத்தனை இருந்துரும்? அவளுக்கு ஒரு கல்யாணப் பாட்டுப் போடுங்க. எம் பேரு தளவாய். அவ அண்ணன்."

இணைப்பு அறுந்தது. ஊர் முழுவதும் அதை ஓர் அண்ணனின் பாசமாகவே கேட்டிருக்கும். பிளாரன்ஸ் பாட்டை ஓடவிட்டாள்.

ஸ்ரீவைகுண்டத்துக்கு அப்பால் வயல்கள் சூழ்ந்த ஓர் ஊரிலிருந்து வந்தவள் பொன்செல்வி. கடலோரப் பெரியதாழைக்காரன் ஆன்றோவைப் பதிவு அலுவலகத்தில் மணந்து மூன்று வாரம் ஆகிறது. சாதியும் வேறு, சாமியும் வேறு. மானம் என்று ஒன்றை உண்டாக்கி, அதை ஆண்களின் மீசையில் ஏற்றாமல் பெண்களின் கழுத்தில் ஏற்றி வைத்த நாட்டில், இவ்விரண்டு வேற்றுமையும் ஓர் உயிரை எடுக்கப் போதும். பிளாரன்ஸ் தன் வீட்டு மாடி அறையில் அவர்களை ஒளித்து வைத்திருந்தாள். காலை ஆறு மணிக்கு ஆன்றோ துறைமுக வேலைக்குப் போய்விடுவான். கண்டுபிடித்துவிடுவார்கள் என்று பொன்செல்வியின் செல்பேசியை அணைத்து அரிசிப் பானைக்குள் புதைத்திருந்தார்கள். துணைக்கு இருக்கட்டும் என்று பிளாரன்ஸ் கொடுத்தது ஒரு பழைய வானொலிப் பெட்டி. ஒளித்தவளும் அவளே, ஒரு நிமிட உருக்கத்துக்கு ஆசைப்பட்டு ஊரறியச் சொன்னவளும் அவளே.

கண்ணாடிக்கு அப்பால் ஒலிப்பதிவாளர் கிருபாகரன் எழுந்து நின்றான். "யாருக்கா அவன்? மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துப் போச்சு?"

சொன்னாள். அவன் காவல் நிலையத்துக்குப் பேசினான்; வண்டி வர இருபது நிமிடம் ஆகும் என்றார்கள். துறைமுகத்துக்கு முயன்றான், வேலை நேரத்தில் ஆன்றோவின் செல்பேசி பெட்டகத்தில் கிடக்கும். "நான் பைக்குல போயிரட்டா?" என்றான். அதற்கும் இருபது நிமிடம். பிளாரன்ஸ் கீழ்வீட்டு ஈவாஞ்சலினை அழைத்தாள்; மணி அடித்து ஓய்ந்தது.

இரண்டாவது பாட்டின் நடுவில் தொலைபேசியின் விளக்கு மீண்டும் எரிந்தது. பிளாரன்ஸ் நேரலையில் விடாமல் ஹெட்போனில் மட்டும் எடுத்தாள். எடுத்ததும் அவள் ஓடவிட்டிருந்த பாட்டு அரை நொடி பிந்தி அவள் காதில் வந்து மோதியது.

பழக்கம் முந்திக்கொண்டது. "ரேடியோ சத்தத்தைக் கொஞ்சம்…"

"எங்கிட்ட ரேடியோ இல்லக்கா." தளவாய் சிரித்தான். "தெருவுல நிக்கேன். ரெண்டு ஐஸ் கம்பெனியைப் பாத்தாச்சு, இது மூணாவது. மாடியில இருந்து உங்க பாட்டுத்தான் கேக்கு. கொடியில பச்சைச் சுடிதார் காயுது. அது எங்கம்மா தைச்சது."

பாட்டுக்குப் பின்னால் பனிக்கட்டியை அரைக்கும் இயந்திரம் கரகரத்தது. ஒவ்வொரு விடியலிலும் அவளை எழுப்பும் அதே கரகரப்பு. செல்பேசியை அணைக்காமலே சட்டைப்பையில் போட்டுவிட்டான் போலும், துணி உரசியது. வண்டியிலிருந்து எதையோ உருவும் இரும்பின் ஓசை கேட்டது.

நிலையத்துக்கு ஒரு சட்டம் உண்டு: அரசியல் பேசாதே, சாதி பேசாதே, தனிமனிதர் பெயரைச் சொல்லாதே. பிளாரன்ஸ் பாட்டைப் பாதியில் அறுத்து ஒலிவாங்கியைத் திறந்தாள்.

"பொன்செல்வி, உள்தாழ்ப்பாளைப் போடு. உன் அண்ணன் தளவாய் படிக்குக் கீழ நிக்கான். யார் கூப்பிட்டாலும் திறக்காத. திறக்கணும்னா இந்த ரேடியோவுல நான் சொல்லுவேன்.

"ஐஸ் கம்பெனித் தெரு சனங்களே! அந்தப் பிள்ளைக்கு வயசு இருபத்திரண்டு. மனசாரக் கையெழுத்துப் போட்டுக் கல்யாணம் பண்ணியிருக்கா. அவளை வெட்ட ஒருத்தன் ஆயுதத்தோட உங்க வாசல்ல நிக்கான். மறைச்சு வைச்சு மறைச்சு வைச்சுத்தான் இத்தனை பிள்ளைகளைப் பறிகொடுத்தோம். இனி மறைக்க மாட்டேன். எல்லாரும் ரேடியோவைக் கூட்டி வையுங்க! தூக்கிட்டு வாசலுக்கு வாங்க! ஈவாஞ்சலின் அக்கா, கேக்குதா?"

ஹெட்போனில், தடியால் தட்டுவது போலக் காலடி ஓசை படியில் ஏறியது. ஒன்று, இரண்டு, மூன்று. தெருவில் ஒருவரும் எழவில்லையோ என்று பிளாரன்ஸ் அஞ்சினாள். பேசுவதை நிறுத்தவில்லை. பிறகு அவளுடைய குரல் அவளுக்கே திரும்பி வந்தது. ஒரு வீட்டிலிருந்து. அடுத்து டீக்கடையிலிருந்து. அடுத்து எங்கிருந்தென்று பிரித்தறிய முடியாதபடி எங்கும் இருந்து. ஒன்பது ஆண்டுகளாக அவள் விரட்டிய எதிரொலி தெருவளவு பெருத்து நாக்கைப் பின்னியது. தடுமாறித் தடுமாறி அதே சொற்களைச் சொன்னாள். பனிக்கட்டி இயந்திரம் நின்றது. கதவுகள் திறந்தன.

"யாருலே அங்கன? படியில என்ன சோலி உனக்கு?" கீழ்வீட்டு ஈவாஞ்சலினின் குரல். மீன் ஏலத்தில் நாற்பது பேரை அடக்கும் தொண்டை. "கையில என்னது? ஏளா, எல்லாரும் இங்கன வாங்க! தம்பி, ஒரு படி ஏறு பாப்போம். ஏறிட்டு எப்படி இறங்குதன்னு நானும் பாக்கேன்!"

இரும்பு கல்லில் விழுந்தது. இணைப்பு அறுந்தது.

ஒன்றும் கேட்காத நான்கு நிமிடங்கள். கிருபாகரன் பாட்டுப் போடவில்லை. ஊர் வெறும் காற்றைக் கேட்டது. பிறகு ஈவாஞ்சலினின் எண்ணிலிருந்து அழைப்பு.

"ஏளா பிளாரன்ஸ், போயிட்டான். பதட்டத்துல வண்டி ஸ்டார்ட் ஆவல, தள்ளிக்கிட்டே போறான். இந்தா, பிள்ளைட்ட பேசு. கதவுக்கு இந்தப் பக்கம் நாந்தான்னு முதல்ல ரேடியோவுல சொல்லு. திறக்க மாட்டேங்கா."

சொன்னாள். தாழ்ப்பாள் விலகியது.

"யக்கா," என்றாள் பொன்செல்வி. "சன்னல் வழியாப் பாத்தேன். அண்ணன் போறப்ப தெரு முக்குல நின்னு வீடுகளை எண்ணினான்க்கா. எத்தனாவது வீடுன்னு."

போலீஸ் வண்டி வந்துவிட்டது என்று பின்னால் யாரோ கத்தினார்கள்.

விளக்கு மறுபடியும் எரிந்தது; தெரியாத எண். கிருபாகரன் கையை நீட்டவில்லை. பிளாரன்ஸ் எடுத்தாள்.

"வணக்கம், விடியற்காற்று."

எதிர்முனையில் மூச்சு மட்டும். அதைச் சுற்றி ஒரு சத்தமும் இல்லை.

அவள் அழைப்பை ஊர் கேட்க நேரலையில் விட்டாள்.

"யாரா இருந்தாலும் சரி," என்றாள், "ரேடியோவைக் கூட்டி வையுங்க."