போனுக்கு மூக்கில்லை

கணவரின் குதிகால் புண்ணின் கட்டைப் பிரித்தவள் அதைப் பார்க்கத் துணிவில்லாமல் அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இருபத்திரண்டு வருடம் லாரியின் ஆக்ஸிலரேட்டரை மிதித்த வலது கால். சர்க்கரை வியாதியால் மரத்துப்போயிருந்தது. ஆணி ஏறியதுகூடத் தெரியவில்லை. ஆஸ்பத்திரி வெகுதொலைவு என்பதால் புண் பார்க்கும் நர்ஸ் வாரம் ஒருமுறை போனில் வருவாள். கண் அவளுடையது, கை இவளுடையது.

போன வாரம் அந்தக் கண்ணைத்தான் ஏமாற்றினார்கள். வீடியோ வரவில்லை என்று சொல்லி, மூன்று வாரத்துக்கு முன் எடுத்த படத்தை அனுப்பினார்கள். கணவர்தான் அப்படிச் செய்யச் சொல்லிக் கெஞ்சினார். கூட லாரி ஓட்டியவருக்கு விரலில் தொடங்கிய புண்ணால் முழங்காலோடு காலை எடுத்திருந்தார்கள். "நல்லா ஆறுது, உங்க கைராசி அக்கா" என்று பதில் வந்தது.

போன் அடித்தது.

"இன்னைக்கு வீடியோ நல்லா வருதுக்கா. கொஞ்சம் கிட்ட காட்டுங்க."

அவள் சிவந்த பக்கத்தைக் காட்டினாள். கருத்த ஓரத்தை விரலால் மறைத்திருந்தாள்.

"வாடை ஏதும் வருதா?"

அறை முழுக்க அதுதான். ஊதுபத்தி ஏற்றியும் அடங்கவில்லை. கணவர் அவளைப் பார்த்து, சொல்லாதே என்பதுபோல் மெல்லத் தலையசைத்தார். "போனுக்கு மூக்கா இருக்கு?" என்று காலையில் சிரித்தவர்தான். இப்போது உதடு வெளிறியிருந்தது.

'இல்லை' என்றால் இன்னும் ஒரு வாரம் கிடைக்கும். அதற்குள் அது எதுவரை ஏறும்?

"வருது சிஸ்டர்," என்றாள். விரலை எடுத்தாள். "போன வாரம் அனுப்பினது பழைய படம்."

கணவர் கண்ணை மூடிக்கொண்டார்.

நர்ஸ் திட்டவில்லை. அதுதான் அதிகம் பயமுறுத்தியது. "காய்ச்சல் இருக்கா?"

"ராத்திரியிலிருந்து."

"காலைக் கீழே ஊன விடாதீங்க. லைன்லயே இருங்க, டாக்டரைக் கூட்டிட்டு வர்றேன்."

திரையில் காலி நாற்காலி மட்டும் தெரிந்தது. நர்ஸ் எழுந்த வேகத்தில் அது இன்னும் மெதுவாகச் சுழன்றுகொண்டிருந்தது. "ஏன்டி சொன்னே," என்றார் கணவர், கோபமில்லாமல், குழந்தை கேட்பதுபோல. அவள் குதிகாலை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டாள். அது அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம்போலச் சுட்டது. அவருக்கு அவள் பிடித்திருப்பதே தெரியவில்லை.

நாற்காலி சுழல்வது நின்றது.