குருத்தைத் திறந்து காட்டு

லஸ்ஹர் அன்று அத்தர் பூசிக்கொண்டு வந்தான். எழவு வீட்டுக்கு வருகிறவன் அத்தர் பூசுவானா? பூசுவான், அந்தச் சாவால் அவனுக்கு லாபம் இருந்தால். பின்னால் ஹாஜி மிஸ்பாஹும் ஊர்ப் பெரியவர்கள் மூன்று பேரும் வந்தார்கள். நான் போட்டுவைத்த தேநீரை மற்றவர்கள் குடித்தார்கள். லஸ்ஹர் மட்டும் கோப்பையை மணலில் வைத்துவிட்டு எங்கள் மரங்களைப் பார்த்துத் தலையை ஆட்டினான்.

"துஹாமி, மனசைத் தேத்திக்கப்பா. எல்லாம் போயிருச்சு" என்றான் என் புருஷனிடம்.

துஹாமி நல்லவன். எங்கள் பாலைவனச் சோலையில் நல்லவன் என்றால் யாரிடமும் சண்டைக்குப் போகாதவன் என்று அர்த்தம். நான்தான் பேசினேன்.

"போச்சுன்னு யார் சொன்னா? உங்க கனவுல வந்து மரம் சொல்லிச்சா?"

நிலம் லஸ்ஹருடையது. பேரீச்சம் பக்கக்கன்றுகளைத் தாய்மரத்திலிருந்து பிரித்து நட்டு வளர்த்தது நாங்கள். அவை காய்க்கும் பருவத்துக்கு வந்ததும், கெடு முடிகிற நாளில் பெரியவர்கள் வந்து உயிரோடு இருக்கிற மரங்களை எண்ண வேண்டும். அதில் பாதி மரம், அவை நிற்கிற மண், அவற்றுக்கான தண்ணீர் எல்லாம் எங்களுக்கு. மரம் ஒன்றுமில்லை என்றால் எங்களுக்கும் ஒன்றுமில்லை. ஏழு வருட உழைப்பையும் மணலில் விட்டுவிட்டு மூட்டை கட்ட வேண்டியதுதான். எங்கள் நெஃப்சாவாப் பக்கம் எல்லோரும் இப்படித்தான் நடுகிறார்கள். எல்லா நிலக்காரர்களும் லஸ்ஹராக இருப்பதில்லை, அவ்வளவுதான்.

கெடு நெருங்கிய அந்தக் கோடையில், தெற்குக் காற்று அடித்துக் கழுதைகூட நிழலை விட்டு நகராத நாட்களில், அவன் எங்கள் மடையை மூடினான். தன் ஆழ்கிணற்று மோட்டார் பழுது என்றான். அதே மோட்டார் அவனுடைய பழைய தோட்டத்துக்கு மட்டும் நன்றாக ஓடியது. அங்கே வாய்க்காலில் தவளை கத்தியது ஊருக்கே கேட்டது. யாரும் வாய் திறக்கவில்லை. அவர்கள் தோட்டத்துக்கும் தண்ணீர் அந்தக் கிணற்றிலிருந்துதானே வருகிறது. நான் பள்ளிவாசல் குழாயிலிருந்து கழுதைமேல் கேன் கேனாகக் கொண்டுவந்து ஊற்றினேன். மரத்துக்கு அது நாக்கை நனைக்கத்தான் காணும். ஓலையெல்லாம் பழுத்து, காய்ந்து, தொங்கிவிட்டது. ஆனால் சாகவில்லை. எனக்குத் தெரியும்.

"உயிரோட இருக்கறது வளரணும்" என்றான் லஸ்ஹர் பெரியவர்களைப் பார்த்து. பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிற தோரணை. "தண்ணி குடிக்கணும். புதுசா ஓலை விடணும். கன்னு போடணும். இதுல ஒண்ணாவது செய்யுதா? நீங்களே பாருங்க."

"குடுத்தாத்தானே குடிக்கும்? உங்களை ஒரு கோடை பூரா தண்ணி காட்டாமக் கட்டிப்போட்டா நீங்க எவ்வளவு வளர்ந்திருப்பீங்கன்னு நானும் பாக்கறேன்."

ஒரு பெரியவர் சிரிப்பை இருமலாக்கினார். துஹாமி என் கையைப் பிடித்து இழுத்தான். நான் உதறினேன்.

ஹாஜி மிஸ்பாஹ் ஒரு மரத்தருகே போனார். இளமரம்தான், ஆள் உயரம். நடுக்குருத்தைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். அடி அழுகியிருந்தால் குருத்து உருவிக்கொண்டு கையோடு வந்துவிடும். வரவில்லை.

"பிடிமானம் இருக்கே" என்றார்.

"காஞ்சு ஒட்டிக்கிட்டிருக்கு, ஹாஜி. செத்த மாட்டுக் கொம்பும்தான் இழுத்தா வராது."

"அப்ப ஒண்ணு பண்ணுவோம். ஒரு மாசம் தண்ணி விடு. உயிர் இருந்தா குருத்து மேல வந்துரும்."

"பிணத்துக்கு எதுக்குத் தண்ணி? கெடு இன்னிக்கு. உயிரோட இருக்குன்னு முதல்ல காட்டட்டும், அப்புறம் மடையைத் திறக்கறேன்."

"தண்ணி விட்டாத்தானேய்யா காட்ட முடியும்?"

"ஏன் முடியாது? குருத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்க."

ஆலிவை அடியோடு வெட்டினாலும் பக்கத்தில் துளிர்க்கும். பேரீச்சைக்கு உயிர் ஒரே இடத்தில்தான், உச்சியில், ஓலைகளுக்கு நடுவே, ஒரு கை நீளத்துக்கு. அதைத் திறந்தால் மரம் முடிந்தது. உயிரோடு இருக்கிறது என்று காட்ட அதைக் கொல்ல வேண்டும். இதைச் சொல்லத்தான் அவன் அத்தர் பூசி வந்திருக்கிறான்.

மிஸ்பாஹ் தரையைப் பார்த்தபடி, "சரி, ஒண்ணே ஒண்ணு திறந்து பாத்துருவோம்" என்றார். அவர் தோட்டத்துக்கும் தண்ணீர் வேண்டும், பாவம்.

எந்த மரம் என்று லஸ்ஹரே கைகாட்டினான். போன வருடமே எங்களுக்கு முதல் குலை கொடுத்த மரம். துஹாமி கோடரியை எடுத்தான், மட்டையை ஒதுக்கினான், அப்படியே நின்றுவிட்டான். நான் கோடரியைப் பிடுங்கிக்கொண்டேன்.

மட்டைகளைக் கழித்து, நாரை உரித்து, மேலிருந்து பிளந்தேன். உள்ளே வெள்ளை வெளேரென்று, ஈரம் சொட்ட, குருத்து. ஒரு துண்டை நறுக்கி மிஸ்பாஹ் கையில் வைத்தேன். கடித்தார். மொறுக்கென்று சத்தம் கேட்டது.

"பாலா இருக்கு" என்றார். "உயிரோடதான் இருந்திருக்கு, லஸ்ஹர்."

லஸ்ஹரும் கை நீட்டி ஒரு துண்டு எடுத்தான். என் தேநீரைத் தொடாதவன் என் மரத்தின் உயிரை ருசித்துத் தின்றான். விரலையும் நக்கினான்.

"நல்லாத்தான் இருக்கு. சரி, இது உயிரோட இருந்துச்சு, ஒத்துக்கறேன். இப்ப இல்ல. மத்ததைக் காட்டுங்க."

"ஒண்ணு பாத்தாப் போதாதா?" என்றார் மிஸ்பாஹ்.

"ஒரு ஆள் மூச்சு விட்டா வீட்டுல எல்லாரும் உயிரோட இருக்காங்கன்னு அர்த்தமா, ஹாஜி? எண்ணணும்னுதானே பேச்சு? ஒண்ணொண்ணாக் காட்டட்டும். இல்லேன்னா செத்ததுன்னு ஒத்துக்கிட்டுக் கிளம்பட்டும்."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பில்தான் எனக்கு விளங்கியது. நட்டவள் வெட்ட மாட்டாள் என்பது அவன் கணக்கு. ஒன்றோடு கை ஓய்ந்து, அழுதுகொண்டே நாங்கள் மூட்டை கட்டுவோம். மறுநாள் அவன் மடையைத் திறப்பான். ஒரே மாதத்தில் தோட்டம் முழுக்கப் பச்சைக் குருத்து வரும், எல்லாம் அவனுக்கு.

எனக்கு உச்சந்தலை எரிந்தது. கோடரியோடு அடுத்த மரத்துக்குப் போனேன்.

"ஹனிய்யா, வேணாம்" என்றான் துஹாமி. "போனாப் போகுது. அவனே வச்சுக்கட்டும். அதுங்க யார் கையிலயாவது உயிரோட இருந்தாப் போதும்."

"நீ சும்மா இரு."

இரண்டாவது மரத்தை முதல் மரத்தைவிட வேகமாகத் திறந்தேன். வெள்ளைக் குருத்தை வெட்டி எடுத்து லஸ்ஹர் காலடியில் போட்டேன். "தின்னு. இது உயிரோட இருந்துச்சா, இல்லையா?"

அவன் சிரிப்பு குறைந்தது. "நடிக்காத, துஹாமி பொண்டாட்டி."

"நடிப்பா? சாயங்காலத்துக்குள்ள அத்தனையும் திறந்து காட்டறேன். நீ எண்ணிக்கோ. அப்புறம் எனக்கும் ஒண்ணும் இருக்காது, உனக்கும் ஒண்ணும் இருக்காது. இந்த மணலை வச்சுக்கிட்டுப் புதுசா நட ஆள் தேடு. எவன் வரான் பாக்கலாம்."

மூன்றாவது மரம் வாய்க்கால் ஓரம் நின்றது. தோட்டத்திலேயே பருத்த மரம். சுற்று மட்டைகளைக் கழித்தேன். மூச்சு வாங்கியது, நிறுத்தவில்லை. துஹாமி மணலில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டான். நான் கோடரியை ஓங்கி முதல் வெட்டைப் போட்டேன். இரண்டாவதற்கு ஓங்கியபோது பின்னாலிருந்து பிடி இறுகியது. லஸ்ஹர் இரண்டு கையாலும் கோடரிக் காம்பைப் பிடித்திருந்தான்.

"பைத்தியக்காரி! காய்க்கப் போற மரத்தை வெட்டறியே, நீ பொம்பளையா? நல்லா இருக்கற மரம்டீ!"

அவனும் இந்தச் சோலையில் பிறந்தவன்தான். மூளை தடுப்பதற்குள் கை வந்துவிட்டது. வந்த பிறகுதான் தான் சொன்னது அவனுக்கே கேட்டது.

மிஸ்பாஹ் மெதுவாகக் கிட்டே வந்தார். "நல்லா இருக்கற மரமா?"

"அது... கோபத்துல ஏதோ..."

"மத்ததும் நல்லா இருக்கற மரம்தானா, லஸ்ஹர்? இல்ல, அவளை வெட்ட விடட்டுமா? கையை எடு, அவ பாட்டுக்குத் திறக்கட்டும்."

லஸ்ஹர் காம்பை விடவில்லை. மற்ற மூன்று பெரியவர்களுக்கும் அப்போதுதான் திடீரென்று நாக்கு முளைத்தது. தவளை கத்தியதை நாங்களும் கேட்டோம் என்றார் ஒருவர். மோட்டார் ஓடியதும் தெரியும் என்றார் இன்னொருவர். கோடை முழுக்க எங்கே வைத்திருந்தார்களோ அந்த நாக்கை.

எண்ணினார்கள். நிற்கிற எல்லா மரமும் உயிருள்ளது என்று மிஸ்பாஹ் சொன்னார். லஸ்ஹர் போகும்போது, "வெட்டினது உன் பாதியில கழியும். வாய்க்கால் ஒண்ணுதான், ஹனிய்யா. நாம ரெண்டு பேரும் சாகறவரைக்கும் தினம் மூஞ்சியில முழிக்கணும்" என்றான். "முழிக்கறேன், அத்தர் வாசனையாவது வரும்" என்றேன்.

மடை திறந்தது. மண் தண்ணீரைக் குடிக்கும் சத்தம் அடிக்கு அடி கேட்டது. துஹாமி வாய்க்காலில் இறங்கி, கையால் மண்ணை விலக்கி ஒவ்வொரு மரத்துக்கும் வழி விட்டான். நான் வெட்டிய இரண்டுக்கும்கூட விட்டான். அவற்றுக்கு எதற்கு என்று நான் கேட்கவில்லை. வாய்க்கால் ஓரத்து மரத்தில் கோடரி பட்ட இடத்தை ஈரமண் வைத்து அப்பினான்.

"பொழைக்கும்" என்றேன்.

அவன் திரும்பாமலே கேட்டான்: "அவன் பிடிக்கலேன்னா நிறுத்தியிருப்பியா?"

பொய் சொல்லியிருக்கலாம். அவனுக்கு அது போதுமாக இருந்திருக்கும்.

"மாட்டேன். கடைசி மரம் வரைக்கும் வெட்டியிருப்பேன்."

துஹாமி நிமிர்ந்தான். இத்தனை வருடத்தில் அவன் யாரையும் வெறுத்து நான் பார்த்ததில்லை. மடையை மூடிய அன்று லஸ்ஹரைக்கூட அப்படிப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான்.