பதினான்கு பாட்டில் சாட்சியம்

சூப்பிரண்டு ஓய்வு பெற்று நான்கு வருடம் ஆகிவிட்டது. ஆனால் அந்தச் செய்தி தனக்கு இன்னும் எழுத்து மூலமாகத் தெரிவிக்கப்படவில்லை என்பதுபோலத்தான் அவர் நடந்துகொண்டார். காலையில் செய்தித்தாளைப் படித்து முடித்ததும் ஓரத்தில் சுருக்கொப்பம் இடுவார். வீட்டில் பால் திரிந்தால் மனைவியிடம் விளக்கம் கேட்பார். முப்பத்தொரு வருடம் விசாரணைப் பிரிவில் இருந்தவர். யாரையும் நம்பாததால் யாரும் தன்னை ஏமாற்றியதில்லை என்பது அவருடைய நம்பிக்கை. அவரிடம் யாரும் எதையும் சொல்வதே இல்லை என்பது மற்றவர்களின் அனுபவம்.

அவரோடு சேர்ந்து ஓய்வு பெற்றது அவருடைய இலாகா வண்டி. நான்கு சக்கரமும் இழுக்கும் பெரிய வண்டி, வயது இருபத்தேழு. ஏறி உட்காரவே கைப்பிடி வேண்டும். கழித்துக்கட்டி ஏலம் விட்டபோது இவரே எடுத்துவிட்டார். மலையையும் சேற்றையும் மிதிக்கப் பிறந்த அந்த ஜீவன் இப்போது வங்கிக்கும் காய்கறிக் கடைக்கும் போய்வந்தது. பானெட்டின் முனையில் கொடிக்கம்பம் மட்டும் அப்படியே இருந்தது. கொடி இல்லை. கம்பத்துக்கே பாதிப் பேர் ஒதுங்குகிறார்கள் என்று அவர் கவனித்து வைத்திருந்தார்.

வண்டியைப் பார்த்துக்கொள்பவன் மனைவியின் தம்பி. ஊர் முடிகிற இடத்தில் தகரக் கூரைப் பட்டறை. இந்த ரகப் பழைய பெரிய வண்டிகளைத் தவிர வேறு எதையும் தொடமாட்டான். கம்ப்யூட்டர் வைத்த புது வண்டிகள் வந்தால், "இதுக்கு டாக்டர் வேற" என்று திருப்பி அனுப்பிவிடுவான். கொள்கை நல்லதுதான். அந்தக் கொள்கையால் பட்டறைக்கு வாரத்துக்கு ஒரு வண்டி வந்தாலே அதிகம் என்று ஆகிவிட்டது.

இந்த நிலையில்தான் வன அலுவலகத்துக்கு ஒரு பட்டறை தேவைப்பட்டது. அங்கே இதே ரகத்தில் எட்டுப் பழைய வண்டிகள். பொறுப்பிலிருந்த பெண் அதிகாரி இரண்டே நிபந்தனை வைத்தார். வேலை கேட்கும் பட்டறையில் இதே ரகச் சொந்த வண்டியைப் பராமரிப்புக்கு விடும் அரசுப் பணியாளர் ஒருவர், பணியில் இருந்தாலும் ஓய்வு பெற்றிருந்தாலும் சரி, கைப்பட அபிப்பிராயக் கடிதம் தர வேண்டும். அவருடைய வண்டியில் தான் ஒரு முறை போய்ப் பார்க்க வேண்டும். எட்டு வண்டி கிடைத்தால் பட்டறை பிழைக்கும். கிடைக்காவிட்டால் மாதக் கடைசியில் பூட்டிவிட்டுப் பஸ் டிப்போவில் டயர் கழற்றும் வேலைக்குப் போவதாகத் தம்பி அக்காவிடம் சொல்லியிருந்தான். அந்த நிபந்தனைக்குப் பொருந்துகிற ஆள் உலகத்தில் ஒருவர்தான். அவர் அத்தானாக வாய்த்திருந்தார்.

"ஒரு பக்கம்கூட வேண்டாம் அத்தான். நாலு வரி எழுதிக் குடுத்தா போதும்."

"நாலு வரிக்குப் பின்னாடி நாற்பது பக்க விசாரணை இருக்கணும் மாப்ளே. நீ சொந்தக்காரன். அதனால உன்னை ரெண்டு மடங்கு சந்தேகப்படறது என் கடமை."

"அது எந்த ஊர்க் கடமைங்க?" என்று உள்ளே இருந்து மனைவி கேட்டாள். கேள்வி குறித்துக்கொள்ளப்பட்டது, பதில் தரப்படவில்லை.

விசாரணைக்கு ஏற்ற பொருள் தயாராக இருந்தது. எஞ்சினின் இழுவையை முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கிற இரும்புப் பெட்டி ஒன்று வண்டியின் வயிற்றுக்கடியில் தொங்கும். டிரான்ஸ்பர் கேஸ் என்பார்கள். போன மாதம்தான் மைத்துனன் அதைப் பிரித்து, பேரிங் மாற்றி, இரண்டு லிட்டரும் கொஞ்சமும் புது ஆயில் ஊற்றி மூடியிருந்தான். சூப்பிரண்டு பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து முழுக்கப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு ஒரு எண்ணம் வந்தது. டின்னைப் பார்த்தேன். டின்னுக்குள் இருந்ததைப் பார்த்தேனா?

மறுநாள் காலை ஒரு ஸ்பேனர் வாங்கிவந்து, பழைய பெட்ஷீட்டை விரித்து, வண்டிக்கு அடியில் புகுந்தார். பெட்டியின் அடியிலிருந்த நட்டைத் தளர்த்தினார். முதல் நாள் பாட்டிலுக்குள் போனதைவிடப் பனியனுக்குள் போனது அதிகம். ஆனாலும் முக்கால் பாட்டில் தேறியது. ஓய்வு பெற்ற நாளிலிருந்து அவர் குடித்துவந்த டானிக்கின் இருநூறு மில்லி காலிப் பாட்டில்கள் பரணில் வரிசையாக இருந்தன. எதையும் தூக்கிப்போடுகிற பழக்கம் அவருக்குக் கிடையாது. லேபிள் ஒட்டினார்: மாதிரி எண் ஒன்று, தேதி, நேரம், எடுத்தவர், சாட்சி. சாட்சி என்ற இடத்திலும் தன் பெயரையே எழுதினார். வேறு யாரை நம்புவது?

ஆயில் தேன் நிறத்தில் சுத்தமாக இருந்தது. இது அவருக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது. ஆனால் மறுநாள் காலை வண்டிக்குக் கீழே தரையில் ஒரு சொட்டு இருந்தது. அதுவரை இல்லாத சொட்டு.

"ஆஹா" என்றார் சூப்பிரண்டு.

அன்றிலிருந்து வண்டிக்குக் கீழே தினம் ஒரு அட்டை. காலையில் அட்டையை எடுத்து, சொட்டைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டு, அளந்து, கோப்பில் வைப்பார். ஒழுகுகிற எண்ணெய் எப்படிப்பட்டது என்று தெரிய வேண்டாமா? அதனால் தினம் ஒரு மாதிரி. நட்டைத் தளர்த்துவது, முக்கால் பாட்டில் பிடிப்பது, முடுக்குவது. தளர்த்தித் தளர்த்தி முடுக்கியதில் நட்டின் வாஷர் நசுங்கி அப்பளமாகிவிட்டது. சொட்டு பெரிதாகியது. சொட்டு பெரிதாக, மைத்துனன் மீதிருந்த சந்தேகமும் பெரிதாகியது.

இதற்கிடையே வீட்டுக்குள் இன்னொரு விசாரணை நடந்துகொண்டிருந்தது. மனைவி தம்பிக்குப் போன் போட்டாள்.

"டேய், உங்க அத்தான் போக்கு சரியில்லடா. விடிஞ்சதும் வண்டிக்கு அடியில போய்ப் படுத்துக்கறார். கையில பாட்டில். வெளிய வரும்போது முகமெல்லாம் சிவந்திருக்கு."

"பாட்டில்ல என்னக்கா?"

"பழுப்பா இருக்குடா. கேட்டா, 'ரகசியம்'ங்கறார். பாதியைக் குடிச்சிட்டு மீதிய லேபிள் ஒட்டி வச்சிடறார்போல."

தம்பிக்குச் சிரிப்பு வந்தது. அத்தான் ரகசியமாகக் குடிப்பவராக இருந்தால் உலகத்துக்கு எவ்வளவு நிம்மதி என்று நினைத்துக்கொண்டான். அதற்கு மேல் யோசிக்கவில்லை. யோசித்திருக்க வேண்டும்.

பதினைந்தாம் நாள் காலை அட்டை சுத்தமாக இருந்தது. ஒரு சொட்டு இல்லை. அன்றுதான் வன அதிகாரி வருவதாக இருந்தது.

சூப்பிரண்டு அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வேறு மனிதராக இருந்தால் ஒழுகல் நின்றதே என்று சந்தோஷப்பட்டிருப்பார். இவர் கேட் கொண்டியைச் சோதித்தார். மதில் மேல் கால் தடம் தேடினார். சட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்தபோது மைத்துனன் எதிரே நின்றான். புதுச் சட்டை, தோளில் கருவிப் பை, விரல் நகம் மட்டும் வழக்கமான கறுப்பு.

"நேத்து யாருக்கும் தெரியாம வந்தியா மாப்ளே?"

"எங்க வந்தேன்?"

"பதிமூணு நாள் ஒழுகிச்சு. மேடம் வர்ற அன்னிக்குக் கரெக்டா நின்னிருக்கு. தானா நிக்குமா?"

மைத்துனனின் முகம் மாறியது. "ஒழுகிச்சா? எங்க? டிரான்ஸ்பர் கேஸ்லயா? ஏன் சொல்லல? நகருங்க, ஒரு நிமிஷம் அடியில பாத்துடறேன்."

"தொடாதே!" சூப்பிரண்டு வண்டிக்கும் அவனுக்கும் நடுவே கையை விரித்து நின்றார். "விசாரணையில இருக்கிற பொருளை விசாரிக்கப்படறவன் தொடக்கூடாது."

"அத்தான், பழைய வண்டி ஒழுகினா பயம் இல்ல. ஒழுகறது நின்னாதான் பயம். சொன்னாக் கேளுங்க."

"பாத்தியா? பயம்னு நீயே சொல்லிட்டே."

அவன் வாயைத் திறப்பதற்குள் வன அதிகாரியின் ஜீப் வந்து நின்றது. நாற்பது வயதிருக்கும். காக்கிச் சட்டை, சேறு காய்ந்த பூட்ஸ். மைத்துனன் அவரிடம் ஓடினான். "மேடம், கிளம்பறதுக்கு முன்னாடி ஆயில் மட்டும் பாத்துடறேன்."

அதிகாரி அவனையும் அத்தானையும் மாறி மாறிப் பார்த்தார். மாமன் மச்சான் சேர்ந்து தன் கண்ணில் மண்ணைத் தூவப் பார்க்கிறார்கள் என்ற சந்தேகம் அவருக்கு முதலிலிருந்தே உண்டு. "நான் வர்ற அன்னிக்குன்னு தனியா எதுவும் பாக்க வேண்டாம். தினம் எப்படி இருக்கோ அப்படியே போலாம்" என்றார்.

"எக்ஸாக்ட்லி" என்றார் சூப்பிரண்டு. தன்னைப் போலவே சந்தேகப்படுகிற ஒருவரைப் பார்த்ததில் நெஞ்சு குளிர்ந்துபோயிருந்தது. நூலால் கட்டி அரக்கு வைத்த அட்டைப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து, பின் சீட்டில் உட்கார்ந்த மைத்துனன் மடியில் வைத்தார். "ஆடாமப் புடிச்சுக்கோ."

"என்ன இது?"

"நேரம் வரும்போது தெரியும்."

தனக்கு எதிரான சாட்சியத்தை மடியில் கட்டிப்பிடித்துக்கொண்டு அவன் உட்கார்ந்திருந்தான். பெட்டிக்குள் கண்ணாடி கிணுகிணுத்தது. அக்கா சொன்னது ஞாபகம் வந்து, சரக்கைக்கூட அரக்கு வைத்தா கொண்டுபோவார் இவர் என்று வியந்தான்.

ஊரைத் தாண்டி மண் பாதையில் ஏறினார்கள். சூப்பிரண்டு நான்கு சக்கர இழுவைக்கான குட்டி லீவரைப் போட்டார். தான் பணியிலிருந்த காலத்தில் வெள்ளத்தையே இந்த வண்டியால் பிளந்துகொண்டு போன கதையைத் தொடங்கினார். கதையில் வெள்ளம் இடுப்பளவு வந்தபோது, வண்டிக்கு அடியில் கொசு பாடுகிற மாதிரி ஒரு ஒலி கேட்டது. வெள்ளம் கழுத்தளவு வந்தபோது கொசு, பூனையாகியிருந்தது.

"அத்தான், நிறுத்துங்க."

"குறுக்கே பேசாதே."

சூடான இரும்பின் வாடை வந்தது. "சார், நிறுத்துங்க" என்றார் அதிகாரி. மேலதிகாரி குரல் என்பதால் கால் தானாகப் பிரேக்கில் போனது.

மைத்துனனும் அதிகாரியும் இறங்கி அடியில் புகுந்தார்கள். அதிகாரி இரும்புப் பெட்டியின் மேல் எச்சில் விரலை வைத்தார், சுர்ரென்றது. சற்று ஆறவிட்டு, பக்கவாட்டு நட்டைக் கழற்றச் சொல்லி, விரலை உள்ளே விட்டுத் துழாவினார். விரல் சுத்தமாக வெளியே வந்தது.

"சுத்தமா ஆயிலே இல்லியே" என்றார். மைத்துனனை அவர் பார்த்த பார்வையில் எட்டு வண்டியும் திரும்பிப் போய்க்கொண்டிருந்தன.

"நான் இதைத்தான் எதிர்பார்த்தேன்!" மேலே நின்ற சூப்பிரண்டின் குரலில் அப்படி ஒரு ஆனந்தம். "வாங்க மேடம், ஆதாரத்தோட நிரூபிக்கிறேன்." அட்டைப் பெட்டியின் அரக்கை உடைத்து, பானெட்டின் மேல் பாட்டில்களை வரிசையாக நிறுத்தினார். ஒன்றிலிருந்து பதினான்கு வரை. வெயிலில் தேன் கடை போலப் பளபளத்தன.

அதிகாரி முதல் பாட்டிலைத் திறந்தார். ஒரு சொட்டை விரலிடுக்கில் தேய்த்தார். வெயிலில் பிடித்துப் பார்த்தார். பிறகு ஏழாவது. பிறகு பதினான்காவது.

"இதெல்லாம் எங்கிருந்து எடுத்தீங்க சார்?"

"அடியில இருக்கிற இதே இரும்புப் பெட்டியிலிருந்துதான்."

"எத்தனை நாளா?"

"தினமும். மழை பெஞ்சப்பகூட ஒரு நாள் தவறல."

"எடுத்த அளவுக்குத் திரும்ப ஊத்தினீங்களா?"

சூப்பிரண்டு அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "மேடம், மாதிரியில கலப்படம் பண்ணக்கூடாதே."

மைத்துனன் பாட்டில்களை ஒருமுறை எண்ணினான். மறுபடி எண்ணினான். அப்புறம் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"அத்தான்... உள்ள போனதே ரெண்டு லிட்டர்தானே அத்தான்."

"அதுக்கென்ன?"

"அது மொத்தமும் இங்க வரிசையா நிக்குது."

சூப்பிரண்டு பாட்டில்களைப் பார்த்தார். உதடுகள் மெல்லக் கூட்டல் போட்டன. பதினாலு முக்கால் பாட்டில். முடிவு வந்ததும் மறுபடி முதலிலிருந்து போட்டார். விசாரணைப் பிரிவில் இருந்தவர், கூட்டல் தப்பாது. காது மடல் சிவந்தது. "அப்போ அந்தச் சொட்டு?" என்றார், கீழ்க்கோர்ட்டில் தோற்றவர் மேல்கோர்ட்டில் கேட்கும் குரலில்.

மைத்துனன் அடியில் புகுந்து நட்டைக் கழற்றி, நசுங்கிய வாஷரை எடுத்துவந்து அவர் உள்ளங்கையில் வைத்தான்.

இனி ஆக வேண்டியதைப் பார்த்தார்கள். கருவிப் பையிலிருந்த புது வாஷரைப் போட்டு மைத்துனன் அடி நட்டை முடுக்கினான். அதிகாரியின் ஜீப் டிரைவர் பின்னாலேயே வந்திருந்தார். அவரிடம் ஒரு துண்டு ட்யூப் இருந்தது. விசாரணைக் கோப்பின் பிளாஸ்டிக் அட்டையை உருவிப் புனலாகச் சுருட்டினார்கள். மாதிரி எண் இரண்டிலிருந்து பதினான்கு வரை ஒவ்வொன்றாக வண்டியின் வயிற்றுக்குத் திரும்பிப் போயின. பாட்டிலை எடுத்துக் கொடுக்கும் வேலை சூப்பிரண்டுக்கு. வரிசை எண் மாறாமல் கொடுத்தார். வண்டி கிளம்பியது. பூனை மறுபடி கொசுவானது.

"ஒரு பேரிங் போயிருக்கும்" என்றான் மைத்துனன். "பிரிச்சுப் பாத்துடறேன். கியர் பல்லெல்லாம் தப்பிச்சிருக்கும்."

முதல் பாட்டிலை மட்டும் அதிகாரி ஊற்றவிடவில்லை. "என் எட்டு வண்டியிலயும் இவ்வளவு சுத்தமான ஆயிலை நான் பார்த்ததில்ல. பழைய பெட்டியைப் பிரிச்சு மாட்டினா முதல் வாரத்துல இரும்புத் தூள் வரும். பதினாலு நாளும் ஒரு துகள் இல்ல. இப்படி ஒரு ஆதாரத்தை எந்தப் பட்டறைக்காரனும் எனக்குக் காட்டினதில்ல." மைத்துனன் பக்கம் திரும்பினார். "திங்கக்கிழமை ரெண்டு வண்டி அனுப்பறேன். கடிதம் மட்டும் பாக்கி."

அதற்குள் சூப்பிரண்டு மீண்டிருந்தார். தொண்டையைச் செருமினார். "தரத்தைச் சோதிக்கணும்னுதான் மேடம் தினம் மாதிரி எடுத்தது. சொந்தக்காரன்னு நான் சலுகை காட்டல."

"தெரியுது சார். எழுதுங்க."

பானெட்டின் மேல் தாளை வைத்தார்கள். சூப்பிரண்டு பேனாவைத் திறந்து, தேதி போட்டு, அடிக்கோடு இட்டு, யோசித்து யோசித்து எழுதினார்: 'மேற்படி பட்டறையின் பணி நேரடிச் சோதனையில் முழுத் திருப்திகரமாக உள்ளது.' நாலு வரிகூட வேண்டியிருக்கவில்லை. மைத்துனன் மூச்சை விட்டான். ஆனால் பேனா மேலே எழவில்லை. முப்பத்தொரு வருடப் பழக்கம் விரலில் ஊறியிருந்தது. ஒரு நல்ல வாக்கியத்தை அப்படியே தனியாக விட்டுவிட அவருக்கு மனம் வரவில்லை. முற்றுப்புள்ளிக்குப் பக்கத்தில் பேனா அடுத்த வார்த்தையைத் தொடங்கியது: 'எனி...'

அதிகாரி தாளை உருவிக்கொண்டார். "போதும் சார்" என்றார். பேனா பானெட்டின் மேலேயே 'னும்' என்று எழுதி முடித்தது.