பத்தொன்பது நாள் மருந்து

1.

இந்தக் கதை ஒரு நாற்றத்தில் தொடங்கியது. அழுகின முட்டை நாற்றம். இரத்தத்தில் ஈயம் ஏறிய குழந்தைகளுக்குக் கொடுக்கும் கேப்ஸ்யூலைத் திறந்தால் அடிக்கிற நாற்றம் அது. எங்கள் தெருவில் அந்த மருந்து ஒரே ஒரு வீட்டுக்குத்தான் கொடுக்கப்பட்டது. கொடுத்தவள் நான். நாற்றம் நான்கு வீடுகளில் அடித்தது.

ஒரு கதைக்கு நான்கு வீடு அதிகம், பெயர்கள் குழம்பும். இரண்டாகக் குறைத்துவிட்டேன். மற்ற இரண்டு வீட்டுக்காரர்களும் இதற்காக என்மேல் கோபப்பட வேண்டாம். அவர்களைக் கணக்கில் சேர்க்காமல் விட்டவர்களில் நான் முதல் ஆள் இல்லை.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். கதையில் ஒரு நர்ஸ் வருவாள். அவள்தான் நான். 'நான்' என்று எழுதினால் எனக்கு நானே சலுகை காட்டிக்கொள்வேன் என்று தெரியும். அதனால் அவளை நர்ஸ் என்றே வைத்திருக்கிறேன், முடிகிறவரை.

2.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "தெற்குக் கசகஸ்தானின் ஒரு சிறு ஊரில், புல்வெளியைத் தடவி வந்த இளங்காற்று —"

நிறுத்திவிட்டேன். எங்கள் ஊரில் காற்றடித்தால் ஜன்னலைச் சாத்துவோம். மூடிக்கிடக்கும் ஈய உருக்காலையின் கசடுமேட்டைத் தடவிக்கொண்டு வருகிற காற்று அது.

பிறகு: "கலம்காஸ் தன்னலம் அறியாத —"

இதுவும் பொய். கலம்காஸ் ரொட்டி ஆலையில் காலை ஷிஃப்ட் பார்க்கிறவள். வரிசையில் யாராவது முந்தினால் தோளைப் பிடித்துப் பின்னால் தள்ளுவாள். அவளைத் தேவதையாக்கினால் முதலில் சிரிக்கிறவள் அவள்தான்.

கடைசியில் எழுதியது: "இன்ஜு. கலம்காஸின் மகள். நான்கு வயது, பதினைந்து கிலோ, ஐம்பத்திரண்டு."

இது போதும். நூறு மில்லி இரத்தத்தில் ஐம்பத்திரண்டு மைக்ரோகிராம் ஈயம். இருக்க வேண்டியது பூஜ்யம்.

3.

பாலர் பள்ளியில் சோதனை நடந்த அன்று அம்மாக்கள் கை கழுவும் தொட்டியிலிருந்து வாசல்வரை நின்றார்கள். நர்ஸ் ஒவ்வொரு குழந்தையின் விரலையும் சோப்புப் போட்டு இரண்டுமுறை தேய்த்தாள். விரலில் தூசி இருந்தால் ஊசி குத்தும்போது அந்த ஈயமும் சொட்டில் கலந்து எண்ணைக் கூட்டிவிடும். ஒரு சொட்டு, கையளவுப் பெட்டி, மூன்று நிமிடம், ஓர் எண். எண் பெரிதாக இருந்தால் நரம்பிலிருந்து இரத்தம் எடுத்து மாகாண ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். அங்கிருந்து வருவதுதான் தீர்ப்பு.

மருந்து நாற்பத்தைந்திலிருந்து. கலம்காஸின் பக்கத்து வீட்டுக்காரி ஷினாரின் மகன் மெரெய்க்கு வந்தது நாற்பத்துநாலு. நரம்பு இரத்தத்தின் முடிவு கேட்க அம்மாக்கள் மறுபடி கூடிய அன்று அதுவும் அதையே சொன்னது.

"கையக் கழுவாம விட்டிருந்தா எம்புள்ள பாஸ் ஆயிருப்பான்," என்றாள் ஷினார்.

"நரம்புல எடுத்தப்பவும் அதேதாண்டி," என்றாள் கலம்காஸ்.

"அப்ப அடுத்த தடவை உள்ளுக்குள்ள ரெண்டு கரண்டி மண்ணு ஊட்டிக் கூட்டிட்டு வரேன்."

சுற்றி நின்ற அம்மாக்கள் சிரித்தார்கள். நர்ஸும் சிரித்தாள்.

[குறிப்பு: நாற்பத்தைந்து யார் வைத்த கோடு என்று எங்கள் ஊர் ஆஸ்பத்திரி டாக்டர் சௌரெஷிடம் கேட்டேன். "அந்த மருந்துக்கும் கெடுதல் உண்டு. கல்லீரலைத் தொடும், வெள்ளையணுவைக் குறைக்கும். அதுக்குக் கீழ இருந்தா இரத்தத்தை இல்ல, வீட்டைச் சுத்தம் பண்ணணும்," என்றார். நியாயமான பதில். வீட்டைச் சுத்தம் பண்ண யார் வருவார்கள் என்றேன். அது வேற துறை என்றார். அந்தத் துறையின் கதவு எங்கே இருக்கிறது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.]

4.

நாற்பத்துமூன்று கேப்ஸ்யூல்கள். முதல் ஐந்து நாள் மூன்று வேளை, அடுத்த பதினாலு நாள் இரண்டு வேளை. நர்ஸ் கலம்காஸின் சமையலறை மேசைமேல் எண்ணி வைத்தாள். குழந்தையால் விழுங்க முடியாது. கேப்ஸ்யூலைத் திறந்தால் உள்ளே கடுகளவு வெள்ளை மணிகள் இருக்கும், ஒரு கரண்டி ஜாமில் தூவிக் கொடுக்க வேண்டும். ஒருவேளைகூடத் தவறக்கூடாது. வேறு யாருக்கும் கொடுக்கக்கூடாது. வாரம் ஒருமுறை நர்ஸ் வந்து இரத்தம் எடுத்துக் கல்லீரலையும் வெள்ளையணுவையும் பார்ப்பாள்.

"அப்புறம் முக்கியமான விஷயம்க்கா. ஈயம் இருக்கற இடத்துலேருந்து புள்ளையத் தள்ளி வைக்கணும். இல்லைன்னா ஒரு பக்கம் மருந்து எடுக்க, மறுபக்கம் ஏறும்."

"எங்க தள்ளி வைக்க? அலமாரி மேலயா?"

நர்ஸ் ஜன்னல் வழியே முற்றத்தைப் பார்த்தாள். முற்றம் முழுக்கக் கறுப்புக் கசடு. மழையில் சேறாகாது என்று ஊரே மேட்டிலிருந்து அள்ளிவந்து கொட்டிக்கொண்டது, உருக்காலையே வண்டி அனுப்பிய காலத்தில். இன்ஜுவும் மெரெயும் அதன்மேல் குந்திக் கிண்ணத்தில் கறுப்புச் சோறு சமைத்துக்கொண்டிருந்தார்கள்.

"கையை அடிக்கடி கழுவி விடுங்க."

"தண்ணி ரெண்டு மணி நேரம் வருது தங்கச்சி. அந்த ரெண்டு மணி நேரம் நான் ஆலைல ரொட்டி அடுக்கறேன். உன் காகிதத்துல அதுக்கு ஏதாவது எழுதியிருக்கா, பாரு."

எழுதியிருக்கவில்லை.

5.

கலம்காஸ் ஏன் பங்கு வைத்தாள்? இந்த இடத்தில் மூன்றுமுறை மாட்டிக்கொண்டேன்.

இரக்கம் என்று எழுதிப் பார்த்தேன். அடித்துவிட்டேன். நன்றி என்று எழுதினேன்: அவள் ஷிஃப்டில் இருக்கும்போது இன்ஜுவைப் பார்த்துக்கொள்கிறவள் ஷினார்தான். அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, ஆனால் அதுவும் போதவில்லை. ஷினார் கேட்டாள் என்று எழுத —

ஷினார் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கலம்காஸ் கதவைச் சாத்தியிருப்பாள். முதல் நாள் காலை இன்ஜுவை அழைத்துப்போக வந்த ஷினார் மெரெயையும் கையில் பிடித்துக்கொண்டு மேசையருகே நின்றாள், அவ்வளவுதான். திறந்த கேப்ஸ்யூலின் நாற்றத்துக்கு இன்ஜு முகம் சுளித்தாள். மெரெய் ஜாம் கரண்டியைப் பார்த்தான். ஷினார் சுவரைப் பார்த்தாள்.

எங்களில் வீட்டுக்கு வந்தவர் வெறுங்கையோடு திரும்பிப் போவது கிடையாது. மேசையில் மிஞ்சியதைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தனுப்புவோம். சர்கித் என்று பெயர். மிஞ்சாவிட்டாலும் மிஞ்ச வைப்போம். நாற்பத்துமூன்று கேப்ஸ்யூலைத் தன் மேசைமேல் வைத்துக்கொண்டு, அதே கசடில் விளையாடுகிற பிள்ளையை நிற்க வைத்துப் பார்க்க கலம்காஸின் உடம்பு ஒப்பவில்லை. காரணம் அவள் மனதில் இல்லை, கையில் இருந்தது.

சாஸரில் மணிகளைக் கொட்டினாள். கத்தி முனையால் நடுவில் கோடு கிழித்தாள்.

"இந்தா, சர்கித்."

ஷினார் முகர்ந்து பார்த்தாள். "நாறுதுடி."

"ஆஸ்பத்திரி விருந்து அப்படித்தான்."

"மருந்து எழுதினவங்க வேற யாருக்கும் வேணாம்னு சொல்லியிருப்பாங்களே?"

"நாப்பத்துநாலுன்னா அது ஈயம் இல்லையாமா? சக்கரையாமா? வாயைத் தொறக்கச் சொல்லு."

பத்தொன்பது நாளும் ஒவ்வொரு கேப்ஸ்யூலும் இப்படித்தான் பிரிந்தது. கலம்காஸ் ஒருவேளைகூடத் தவறவில்லை. அரைக் கேப்ஸ்யூலை மறக்காமல் கொடுத்தால் முழு மருந்தின் பலன் கொஞ்சமாவது வரும் என்று நம்பினாள். வராது. பாதி அளவு இரண்டு பேருக்கும் போதாது. கெடுதல் மட்டும் பாதியாகக் குறைந்துதான் வரும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை.

6.

ஏழாம் நாள் இன்ஜுவுக்கு இரத்தம் எடுக்க வந்த நர்ஸை ஷினார் தேநீருக்கு உள்ளே இழுத்தாள். அந்த வீட்டில் அந்த நாற்றம் இருந்தது. சாக்கடையாக இருக்கும் என்று நர்ஸ் நினைத்தாள்.

[அப்படி நினைக்கவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது.]

[குறிப்பு: என் அப்பா உருக்காலையில் கிரேன் ஓட்டினார். ஈயத்தோடு வேலை செய்கிறவர்களுக்கு ஆலை தினம் அரை லிட்டர் பால் கொடுக்கும். பால் ஈயத்தை அடித்துக்கொண்டு போய்விடுமாம். அப்படிப் போகாது. அப்பா அதைக் குடிக்காமல் கொண்டுவந்து பிள்ளைகள் எங்கள் நான்கு பேருக்கும் ஊற்றுவார். அந்த ஞாபகத்தால்தான் ஷினார் வீட்டில் என் வாய் அடைத்துப்போயிற்று என்று எழுதினால் கதைக்கு அழகாக இருக்கும். உண்மை என்னவென்றால், அன்று எனக்கு இன்னும் பதினோரு வீடு பாக்கி இருந்தது. கேட்டால் விசாரணை, விசாரணை என்றால் காகிதம். பாழாய்ப்போன அந்த நர்ஸ் படிப்பைப் படித்து வந்ததும் காகிதத்துக்குப் பயப்படத்தானா என்று இப்போது கேட்டுக்கொள்கிறேன்.]

7.

இருபதாம் நாள் முடிவு வந்தது. ஐம்பத்திரண்டில் தொடங்கிய இன்ஜு நாற்பத்தொன்பதில் நின்றாள்.

டாக்டர் சௌரெஷ் தாளைப் பார்த்துவிட்டு நர்ஸிடம் சொன்னார்: "பாதிக்குக் கீழ வந்திருக்கணும். இந்தப் புள்ளைக்கு மாத்திரை கேக்கலை. மாகாண ஆஸ்பத்திரிக்கு அனுப்பி ஊசி போட்டுடலாம். சிறுநீரகத்துக்குக் கொஞ்சம் கடுமை. வேற வழி இல்ல. அதுக்கான படிவத்தை நிரப்பிக் கொண்டா."

படிவத்தில் ஒரு கேள்வி. எல்லா வேளையும் மருந்து கொடுக்கப்பட்டதா? ஆம், இல்லை, இரண்டு கட்டங்கள். இல்லை என்றால் அந்தக் குடும்பம் பட்டியலிலிருந்து நீக்கப்படும், மறுமுறை மருந்து கிடையாது. அடுத்த ஊரிலும் ஐம்பதைத் தாண்டிய பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒழுங்காகக் கொடுக்கிற அம்மாக்களுக்குத்தான் மருந்து.

நடையில் பெஞ்சில் கலம்காஸ் இன்ஜுவோடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஷினார். மடியில் மெரெய், கழுத்திலிருந்து வயிறுவரை சிவப்புத் தடிப்பு. நேற்றிலிருந்து காய்ச்சல். அவனை யாரும் வாராவாரம் சோதிக்கவில்லை. அவன் பட்டியலில் இல்லாத பிள்ளை.

நர்ஸ் கலம்காஸின் காதருகே குனிந்தாள். "எத்தனை நாள் பங்கு வச்சீங்க?"

"எல்லா நாளும்."

"அக்கா."

"என்ன அக்கா? ஆமான்னு டிக் போடு. அடுத்த டப்பாவைக் கொடு. இந்தத் தடவை இவளுக்கு மட்டும் கொடுக்கறேன், சத்தியமா."

"ஆமான்னா ஊசி போடுவாங்க. தேவையே இல்லாத ஊசி."

"இல்லைன்னா?"

"டப்பா கிடையாது."

கலம்காஸ் படிவத்தை எட்டிப் பார்த்தாள். பிறகு, "இந்தக் கேள்வியை எழுதினவனுக்குப் புள்ளைங்க எத்தனை?" என்று கேட்டாள்.

8.

இரண்டு முடிவுகளையும் எழுதிப் பார்த்தேன்.

ஆம் முடிவில் இன்ஜு மாகாண ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். அவள் சிறுநீரகம் எதற்குத் தண்டனை வாங்குகிறது என்று அங்கே யாருக்கும் தெரியாது. மெரெயின் தடிப்புக்கு ஏதோ ஒவ்வாமை என்று களிம்பு கொடுத்து அனுப்புகிறார்கள். அவன் வெள்ளையணுக்களை யாரும் எண்ணுவதில்லை. நாலாவது பக்கத்தில் —

அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன்.

இல்லை முடிவில் மெரெய்க்கு உடனே இரத்தச் சோதனை நடக்கிறது, பிழைத்துக்கொள்கிறான். இன்ஜு நாற்பத்தொன்பதோடு வீட்டுக்குத் திரும்புகிறாள், முற்றத்துக்கு, கிண்ணத்துக்கு, கறுப்புச் சோற்றுக்கு. படிவத்தில் 'தாயின் அலட்சியம்' என்று ஒரு வரி ஏறுகிறது. பத்தொன்பது நாள் கத்தி முனையால் மணி பிரித்தவளுக்கு அலட்சியமாம். அந்த வார்த்தையை எழுத எனக்குக் கை வரவில்லை.

கதையைப் படித்த தோழி ஒருத்தி, இரண்டாவதுதான் சரி, உண்மையைச் சொல்வதுதானே முறை என்றாள். முறைதான். உண்மையைச் சொன்னால் ஒரு பிள்ளையிடமிருந்து மருந்தைப் பிடுங்குவோம் என்று அச்சடித்து வைத்துவிட்டு, பிறகு எங்களைப் பொய் பேசுகிற ஜனங்கள் என்கிறார்களே, அது எந்த முறை என்று அவளைக் கேட்டேன். அவள் ஊரில் தண்ணீர் நாள் முழுக்க வருகிறது.

9.

இனிமேல் நர்ஸ் என்று எழுத முடியாது. பெஞ்சில் படிவத்தை மடிமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தவள் நான்.

"மெரெய்க்கு இரத்தம் பாக்கணும்க்கா. காத்திருக்க நேரமில்ல. பாக்கணும்னா பங்கு வச்சதைச் சொல்லியாகணும்."

ஷினார் தலையைத் தூக்கவில்லை. "என் புள்ளைக்காக அவ புள்ளை மருந்தை நிறுத்தாத," என்றாள். "காய்ச்சல் தானா போயிடும்."

"நீ வாயை மூடுடி," என்றாள் கலம்காஸ். என்னைப் பார்த்தாள். "எழுது. ஆனா நான் கொடுக்கலைன்னு மட்டும் எழுதாத. கொடுத்தேன்."

இரண்டு கட்டங்களையும் விட்டுவிட்டேன். கேள்விக்குப் பக்கத்து ஓரத்தில், எழுத இடமே இல்லாத இடத்தில் எழுதினேன்: கொடுக்கப்பட்டது. எல்லா வேளையும். இரண்டு குழந்தைகளுக்கு. அதன் கீழே, ஏழாம் நாளே எனக்குத் தெரியும் என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

டாக்டரின் மேசைமேல் வைத்தேன். அவர் படித்தார். ஓரத்தைப் படிக்கத் தாளைப் பக்கவாட்டில் திருப்பினார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். திறந்த கதவு வழியே பெஞ்சையும் பார்த்தார்.

அவர் என்ன சொன்னார் என்று நான் எழுதப்போவதில்லை. எனக்குப் பிடித்த டாக்டரை உருவாக்கி அவர் வாயில் நல்ல வார்த்தையை வைப்பது சுலபம். அப்புறம் நீங்கள் நிம்மதியாகப் புத்தகத்தை மூடுவீர்கள். டாக்டரின் அந்த நாற்காலி இப்போது காலி. வந்து உட்காருங்கள். படிவம் உங்கள் முன்னால் இருக்கிறது, பேனாவும் இருக்கிறது. அலமாரியில் ஒரே ஒரு டப்பா இருக்கிறது, பட்டியலில் அடுத்த ஊர்ப் பெயர்கள் இருக்கின்றன. இரண்டு அம்மாக்களும் வாசலில் உங்கள் முகத்தையே பார்க்கிறார்கள். அவர்களைப் பார்த்துக்கொண்டே சொல்ல வேண்டும்.

யோசிக்க வேண்டும் என்றால் யோசியுங்கள். மெரெய்க்குக் காய்ச்சல் இப்போது முப்பத்தொன்பது டிகிரி.