பாதி அப்பம்

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ரேமண்ட் வருவதற்குள் அமலோற்பவம் கணவருக்குச் சவரம் செய்து, வெள்ளைச் சட்டை மாட்டி, மேசையில் மெழுகுவர்த்தி ஏற்றிவிடுவாள். பக்கவாதம் வந்து வலப்பக்கம் செயலிழந்த இந்த இரண்டு வருஷமாக வாலண்டைன் வாரம் முழுக்கக் காத்திருப்பது இந்தக் கால் மணி நேரத்துக்குத்தான். ரேமண்ட் அவர்கள் ஊரான தெப்ராவ் கோயிலின் நற்கருணைப் பணியாளர். ஆறு நாள் மோட்டார் சைக்கிளில் வேலைக்குச் சிங்கப்பூர் போகிற பாலத்து நெரிசலில் வெந்து சாகிற மனுஷர், ஏழாம் நாளும் ஓய்வில்லாமல் பூசையில் ஆசீர்வதித்த நற்கருணை அப்பத்தை நோயாளிகளின் வீடுகளுக்குக் கொண்டுபோவார்.

அமலோற்பவம் மட்டும் வாங்குவதில்லை. ரேமண்ட் அப்பத்தை எடுக்கும்போதெல்லாம் அவளுக்குச் சமையலறையில் ஏதாவது வேலை வந்துவிடும். பாவசங்கீர்த்தனத்தில் சொல்லியாயிற்று. இது பாவமே இல்லையம்மா என்று சாமியாரும் சொல்லியாயிற்று. மனசு கேட்க வேண்டுமே. பக்கவாதம் வந்த அன்று காலை வாலண்டைன் கை மரத்துப் போகிறது, தலை சுற்றுகிறது என்றார். கீழே பேக்டரி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. “எனக்கு ஓவர்டைம் இருக்கிற அன்னிக்குத்தான் ஒங்களுக்கு எல்லா நோவும் வரும்” என்று சொல்லிவிட்டு இறங்கி ஓடினாள். திரும்பி வந்தபோது குளியலறை வாசலில் கிடந்தார். முன்னாடியே கொண்டுவந்திருந்தால் என்று டாக்டர் பாதியில் விட்டதை அவள் இன்றுவரை மனதுக்குள் முடித்துக்கொண்டிருக்கிறாள்.

போன வாரம் வாலண்டைனுக்குப் புரையேறிவிட்டதால் இன்று ரேமண்ட் அப்பத்தை இரண்டாக உடைத்தார். அவள் வழக்கம்போல எழுந்து சமையலறைக்குப் போனாள்.

“கிறிஸ்துவின் திருவுடல்.”

வாலண்டைன் வாயைத் திறக்கவில்லை. ரேமண்ட் இன்னொரு தரம் சொன்னார். வாலண்டைன் இடக்கையைத் தூக்கிச் சமையலறைப் பக்கம் காட்டினார்.

“அவளுக்கும்.”

தான் வாங்குவதில்லை, அண்ணனுக்குக் கொடுங்கள் தம்பி என்று அவள் அங்கிருந்தே சொன்னாள். வாலண்டைன் உதட்டை இறுக்கிக்கொண்டார். ஏழு நாள் காத்திருந்துவிட்டு இதென்ன பிடிவாதம் என்று அவளுக்குக் கோபம் வந்தது. வந்து குனிந்து, அவர் வாயோரத்து எச்சிலைத் துடைத்தாள்.

“வாயத் தொறங்க.”

அவர் அவள் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். வார்த்தைகள் ஒவ்வொன்றாக வந்தன.

“அன்னிக்கி... நானுந்தான்... வாயுன்னு நெனச்சேன். தைலம் தேச்சி... படுத்துட்டேன். பக்கத்து வீட்டக்கூட... கூப்புடல.”

அந்த நாளைப் பற்றி அவர் இதுவரை வாய் திறந்ததில்லை. அந்த மௌனம் முழுவதையும் அவள் தன் மேல் சொல்லும் குற்றம் என்றே எண்ணியிருந்தாள். அழுகை வந்தது, அடக்கப் பார்த்து முடியாமல் அழுதாள். இன்னும் நான்கு வீடு பாக்கியிருந்தும் ரேமண்ட் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. இரண்டு துண்டுகளையும் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

அவள் இடக்கையைச் சட்டையில் துடைத்தாள். போதாதென்று இன்னொரு தரம் துடைத்தாள். பிறகு நற்கருணை வாங்க விரித்து நீட்டினாள். வாலண்டைன் அவள் மணிக்கட்டை விட்டுவிட்டு, தன்னிடம் மிச்சமிருந்த அந்த ஒரு கையை அவள் கையின் அடியில் கொடுத்தார்.