விரல் படாமல்

வீரயுத் வேனின் கம்ப்ரஸரிலிருந்து கிளட்சைக் கழற்றிக்கொண்டிருந்தான். வேனின் பின்பக்கம், வெள்ளைத் துணிக்கடியில் அவன் மனைவி மாலி கிடந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பி இரண்டு மணி நேரமாகியிருந்தது. தெற்குத் தாய்லாந்தில் அவளுடைய ஊரான பத்தலுங் போய்ச்சேர இன்னும் நான்கு மணி நேரம். சித்திரை வெயிலில் ஏசி நின்றுவிட்டது.

"கம்ப்ரஸர் தண்டுல சீல் போயி, காஸ் பூரா கசிஞ்சிருச்சு தம்பி," என்றார் ஓட்டுநர் புன்.

சாலையோர ஏசி கடைக்காரர் கருவிகளையும் தண்டில் மாட்டும் புது சீல் ஒன்றையும் நீட்டிவிட்டுத் தள்ளி நின்றுகொண்டார். "பயம்லாம் இல்லப்பா. இடுப்புப் புடிச்சிருக்கு."

வீரயுத்துக்கு ஏசி ரிப்பேர்தான் தொழில். மாலிக்கும்.

கதவோரம் மாலியின் தங்கை தாவ் ஊதுபத்தியுடன் உட்கார்ந்திருந்தாள். வழியெல்லாம் ஒவ்வொரு திருப்பத்திலும் பாலத்திலும் அவள்தான் அழைத்தாள். "அக்கா, இடது பக்கம் திரும்புறோம். கூடவே வா." சொல்லாவிட்டால் செத்தவரின் உயிர் அங்கேயே நின்றுவிடும் என்பது ஊர் நம்பிக்கை. கணவன் சொல்லவேண்டியது. காலையிலிருந்து அவன் மாலியின் பெயரைச் சொல்லவில்லை.

"அத்தான், ஏன் நின்னோம்னு அக்காவுக்குத் தெரியாது. எறங்கி எங்கயாவது போயிரும். சொல்லுங்க."

அவன் தண்டிலிருந்து பழைய சீல் வளையத்தை உருவினான். அதன் முகத்தில் முடி அளவு கீறல். புதியதைப் பிரித்தான். முகத்தில் விரல் ரேகை பட்டாலே அதுவும் கசியும்.

ஆறு வருடமாக இந்த இடத்தில் முதுகுக்குப் பின்னால் மாலியின் குரல் வரும்.

"விரல் படாம!"

"டிகிரி உனக்கா, எனக்கா?"

"டிகிரிக்காரனுக்கு விரல் இல்லையா?"

சீலின் ஓரத்தை மட்டும் பிடித்து எண்ணெயில் நனைத்தான். காத்திருந்தான். பின்னால் ஈக்களின் சத்தம் மட்டும் இருந்தது. தண்டில் மெதுவாக இறக்கினான்.

"விரல் படல," என்றான்.

தாவ் நிமிர்ந்து பார்த்தாள்.

"சீல் மாத்துறேன், மாலி. அதான் நின்னோம். கிளட்சும் மாட்டியாச்சு. இனிமே காத்த இழுக்கணும். அரை மணி நேரம். எங்கயும் போகாத."

பம்ப் ஓடியது. தூரத்தில் சாலை கானல்நீராக மிதந்தது. ரப்பர் மரங்கள் அதில் தலைகீழாக நின்றன. யாரோ அந்தத் தண்ணீரில் நடந்து வருவதுபோல் இருந்தது. ஒருவரும் வரவில்லை.

பம்பை நிறுத்திப் பார்த்தான். மானியின் முள் நகரவில்லை; கசிவு இல்லை. காஸ் ஏற்றினான்.

"இடுப்பு எப்படிண்ணே?" என்று புன் கேட்டார். கடைக்காரர் வேறு பக்கம் பார்த்தார்.

வேன் கிளம்பியது. பாலம் தெரிந்ததும் தாவ் வாயைத் திறந்தாள். வீரயுத் ஊதுபத்திக்காகக் கை நீட்டினான்.

"பாலம் வருது, மாலி. நேராத்தான் போறோம்."

ஏசியின் வாயைப் பின்பக்கமாகத் திருப்பினான். வெள்ளைத் துணியின் ஓரம் லேசாக எழுந்து படிந்தது.